கரன்ட் பில்லும் ஒரு பாடப்புத்தகம்: வாசகர் கேள்வி–பதில்

கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் நிலைத்தன்மையை (வளங்களைத் தீர்த்துவிடாமல் வாழும் முறையை) கற்பிப்பது, ஆராய்வது, நடைமுறைக்குக் கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

இளநிலை வகுப்பில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயத் தாள். என் வகுப்பில் 120 பேர். ஓசோன், உணவுச் சங்கிலி என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆய்வகமும் இல்லை, நிதியும் இல்லை. செய்முறையாக என்னதான் நடத்துவது?
— உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவிலிருந்துதான் இந்தத் தாள் பிறந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு 4 கிரெடிட் தருகிறது, களப்பணியும் வேண்டும் என்கிறது. ஆனால் பல இடங்களில் களப்பணி என்றால் ஒரு நாள் சுற்றுலா, ஒரு ஆல்பம். அதை விட்டுவிட்டு உங்கள் வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செலவு இல்லை, பேருந்து வேண்டாம்.

முதலில் அலுவலகத்திலிருந்து மூன்று தாள்கள் வாங்குங்கள்: கடந்த 12 மாத மின் கட்டண பில், ஜெனரேட்டருக்கும் பேருந்துகளுக்கும் வாங்கிய டீசல் கணக்கு, விடுதிச் சமையலறைக்கு வந்த எரிவாயு சிலிண்டர் கணக்கு. மாணவர்களை ஆறு ஆறு பேராக 20 குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். பெருக்கத் தேவையான எண்கள் மூன்றே. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு (மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கைப் பார்த்து அந்தந்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்), ஒரு லிட்டர் டீசலுக்கு 2.68 கிலோ, ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சுமார் 3 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 57 கிலோ.

ஒரு கல்லூரி மாதம் 40,000 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 336 டன். 10 பேருந்துகள், நாளுக்குத் தலா 30 லிட்டர், 220 வேலை நாள் என்றால் 66,000 லிட்டர் டீசல், அதாவது 177 டன். ஜெனரேட்டர் 3,000 லிட்டர் குடித்தால் 8 டன். புகையும் சத்தமும் ஜெனரேட்டரில்தான் அதிகம். அதனால் எந்த வகுப்பில் கேட்டாலும் முதலில் அதைத்தான் கை காட்டுவார்கள். கணக்கு போட்டுப் பார்த்தபின் வகுப்பில் நடக்கும் விவாதமே வேறாக இருக்கும்.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. விடுதிக்குத் தனி மின் இணைப்பு இருக்கும், அந்த பில்லை மறந்துவிடுவார்கள். அல்லது அதே இணைப்பின் துணை மீட்டரையும் சேர்த்து இரண்டு முறை கூட்டுவார்கள். பேருந்துகள் ஒப்பந்தக்காரருடையது என்றால் அந்த டீசல் கல்லூரியின் நேரடி உமிழ்வில் வராது. மூன்றாம் வகையில் (ஸ்கோப் 3), அதாவது பிறர் மூலம் நடக்கும் மறைமுக உமிழ்வில் வரும். எங்கே வைத்தோம் என்று எழுதிவைக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிடவே முடியாது.

தண்ணீருக்கு மீட்டர் இருக்காது. பரவாயில்லை. இரவு 11 மணிக்கு விடுதியின் மேல்நிலைத் தொட்டிக்கு வரும் குழாயை மூடி, நீர்மட்டத்தை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். காலை 4 மணிக்கு மறுபடி அளக்கட்டும். 4 மீட்டருக்கு 3 மீட்டர் தொட்டியில் 5 செ.மீ. இறங்கியிருந்தால் 600 லிட்டர் போயிருக்கிறது. அந்த நேரத்தில் குளிப்பவர், துவைப்பவர் யாரும் இல்லை என்றால் பெரும்பகுதி கசிவுதான். எங்கே என்று தேட, கழிவறை ஃபிளஷ் தொட்டியில் கேசரிப் பவுடர் கரைத்து ஊற்றிவிட்டு 15 நிமிடம் தண்ணீர் விடாமல் காத்திருக்கட்டும். கோப்பையில் நிறம் இறங்கினால் வால்வு வாஷர் போய்விட்டது. 'இந்தக் கழிவறை, இந்த வாஷர்' என்று பட்டியல் போட்டுப் பிளம்பர் கையில் கொடுத்த குழுவுக்கு முழு மதிப்பெண் போடலாம். தொட்டி மட்டத்தை ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து காட்டினால் அதற்கு மேலும் போடலாம்.

எங்கள் விடுதியில் நாளுக்கு 150 கிலோ உணவுக் கழிவு. சாண எரிவாயுக் கலன் போல ஒன்று வைக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. ஆனால் பக்கத்துக் கல்லூரியில் வைத்தது ஆறே மாதத்தில் நின்றுபோய் நாறிக்கொண்டிருக்கிறது. எங்கே தப்பு நடக்கிறது?
— விடுதிக் காப்பாளர், கோவை

அந்த 150 கிலோ எப்படி வந்தது என்று முதலில் கேட்கிறோம். பன்றிப் பண்ணைக்காரர் சொன்ன டிரம் எண்ணிக்கையா, எடைபோட்டதா? ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடத்தைத் திடக்கழிவு விதிகள் 'மொத்தக் கழிவு உருவாக்குபவர்' என்று கணக்கில் எடுக்கும் என்பதால் அந்த எண் சட்டப்படியும் முக்கியம்.

14 நாள் எடைபோடுங்கள். தேர்வு வாரமோ விடுமுறையை ஒட்டிய வாரமோ வேண்டாம். மூன்று டிரம்கள்: காய்கறி நறுக்கிய கழிவு, அண்டாவில் மீந்தது, தட்டில் மீந்தது. காலி டிரம்மின் எடையை அதன் மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். தலைக்கு எவ்வளவு என்று வகுக்க வருகைப் பதிவேட்டை நம்பாதீர்கள், கழுவ வந்த தட்டுகளை எண்ணுங்கள். முதல் மூன்று நான்கு நாள் எண்கள் குறைவாகவே வரும். எடைபோடுவதைப் பார்த்து மாணவர்கள் கவனமாகச் சாப்பிடுவார்கள். இரண்டாம் வாரம்தான் உண்மை நிலவரம்.

மூன்று டிரம்முக்கும் மருந்து வேறுவேறு. அண்டாவில் மீந்தால் சமையல் அளவு தப்பு. வெள்ளி இரவு ஊருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று மதியமே சமையலறைக்குத் தெரியவில்லை என்று பொருள். தட்டில் மீந்தால் கரண்டி பெரிது, அல்லது அன்றைய பொரியலை யாருக்கும் பிடிக்கவில்லை. இதைச் சரிசெய்தபின் மிஞ்சும் எடைக்குத்தான் கலன் வாங்க வேண்டும். பெரிய கலனை முதலில் கட்டிவிட்டால் அதற்குத் தீனி போடுவதற்காகவே யாரும் கழிவைக் குறைக்க மாட்டார்கள்.

இனிக் கணக்கு. 150 கிலோவே என்று வைத்தால், சம அளவு தண்ணீர் சேர்த்து நாளுக்கு 300 லிட்டர் கரைசல். அது 40 நாள் உள்ளே தங்க வேண்டும். 12 கன மீட்டர். வாயுவுக்கு இடம் சேர்த்து 15 முதல் 18 கன மீட்டர் கலன். கிலோவுக்கு 80 முதல் 100 லிட்டர் வீதம் 12 முதல் 15 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆக, மூன்று நான்கு நாளைக்கு ஒரு வணிக சிலிண்டர் மிச்சம். இதைவிட அதிகம் தருவதாகச் சொல்லும் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நின்றுபோவதற்கு வருவோம். கலன் என்பது மாட்டின் வயிறு மாதிரி. திடீரென்று நிறையச் சோறு போட்டால் உப்பிப் படுத்துவிடும். சோறு வெகு வேகமாக அமிலமாகும். அந்த அமிலத்தை மீத்தேனாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். ஆரம்பத்தில் சாணமும் தண்ணீரும் சமமாகக் கரைத்து ஊற்றி, 15 முதல் 20 நாள் எதுவும் போடாமல் விட வேண்டும். முதலில் வரும் வாயு எரியாது, அதை வெளியேற்றிவிடுங்கள். தீ பிடிக்க ஆரம்பித்தபின் முதல் வாரம் 15 கிலோ, பிறகு வாரத்துக்கு 20 கிலோ என்று கூட்டி, முழு அளவை எட்ட ஏழெட்டு வாரம் ஆக வேண்டும்.

கல்லூரிக் கலன்களுக்கென்றே ஒரு நோய் உண்டு: செமஸ்டர் விடுமுறை. ஒரு மாதம் பட்டினி, விடுதி திறந்த அன்றே 150 கிலோ. அடுத்த வாரம் புளித்த நாற்றம், வாயு இல்லை. விடுமுறையில் நாளுக்கு 10 கிலோ சாணமாவது போட ஒருவரை நியமியுங்கள். திறந்தபின் இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். தாள் ஒரு கட்டு வாங்கிவைத்து, வெளிவரும் கரைசலைத் தினமும் சோதியுங்கள். 6.8-க்கும் 7.4-க்கும் நடுவில் இருந்தால் நலம். 6.5-க்குக் கீழே போனால் தீனியை உடனே நிறுத்தி, சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதுச் சாணம் சேர்த்து, ஏறும்வரை காத்திருங்கள்.

போடக் கூடாதவை: எலுமிச்சைத் தோல், எலும்பு, முட்டை ஓடு, முழு வாழை இலை. இலை நார் மிதந்து மேலே ஆடை கட்டி வாயுவை அடைக்கும். தட்டு கழுவிய சோப்புத் தண்ணீர் உள்ளே போனால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். ஆகவே வழித்துப் போட்டபின்தான் கழுவ வேண்டும். வாயுக் குழாய் தொங்கலாக இருந்தால் பள்ளத்தில் நீர் தேங்கி அடுப்பு விட்டுவிட்டு எரியும். சாய்வாகப் போட்டு, தாழ்ந்த முனையில் நீர் வடிக்க ஒரு வால்வு வையுங்கள். அழுகிய முட்டை வாசம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது பர்னரைத் தின்றுவிடும், மூச்சுக்கும் ஆபத்து. இரும்புச் சுருள் தூள் நிரப்பிய வடிகட்டி அதைப் பிடிக்கும். சமையல் எரிவாயு அடுப்பை அப்படியே இணைக்காதீர்கள், இதற்குத் துளை பெரிய பர்னர் வேண்டும்.

கடைசியாக, பலர் கலன் கட்டியபின்தான் யோசிக்கும் விஷயம்: உள்ளே போகும் 300 லிட்டரும் தினமும் வெளியே வரும். தோட்டமா, உலர்த்தும் படுகையா என்று முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். சாக்கடையில் விட்டால் பக்கத்துக் கல்லூரியின் நாற்றம் உங்களுக்கும் வரும்.

நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பீட்டுக்காகப் 'பசுமைத் தணிக்கை' செய்து சான்றிதழ் தருவதாகப் பல நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்புகின்றன. இரண்டு நாளில் முடித்துவிடுவார்களாம். நம்பலாமா? கிரீன்மெட்ரிக் போன்ற பசுமைத் தரவரிசையில் சேர்வதால் பயன் உண்டா?
— தர உறுதி ஒருங்கிணைப்பாளர், சேலம்

நாக் இதுவரை பின்பற்றிய அளவுகோல்களில் ஏழாவது பகுதி எரிசக்தி, சுற்றுச்சூழல், பசுமைத் தணிக்கைகளைக் கேட்பது உண்மை. அதனால்தான் இந்தச் சந்தையே உருவானது. இரண்டு நாளில் பார்க்கக்கூடியது பார்வைக்கு எட்டியது மட்டும்தான். பணம் கட்டுமுன் நான்கு விஷயங்கள் கேளுங்கள்: எரிசக்திப் பகுதியில் கையெழுத்திடுபவர் எரிசக்தித் திறன் பணியகத்தின் சான்று பெற்றவரா? மின் பகுப்பாய்வுக் கருவியை எத்தனை மணி நேரம் மாட்டிவைப்பார்கள்? மூல எண்களை எக்செல் கோப்பாகத் தருவார்களா? சிபாரிசு ஒவ்வொன்றுக்கும் முதலீடும் மீளும் காலமும் எழுதுவார்களா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். மரங்களின் தாவரவியல் பெயர்ப் பட்டியலே பாதி அறிக்கையை நிரப்பியிருந்தால் அது தணிக்கை இல்லை.

தரவரிசை பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய யு.ஐ. கிரீன்மெட்ரிக்கில் 2024 நிலவரப்படி ஆறு பிரிவுகள்: வளாக அமைப்புக்கு 15 சதவீதம், எரிசக்தி–காலநிலைக்கு 21, கழிவுக்கு 18, தண்ணீருக்கு 10, போக்குவரத்துக்கு 18, கல்வி–ஆராய்ச்சிக்கு 18. எண்களை நீங்களே நிரப்பி ஆதாரம் இணைக்க வேண்டும். உங்களுடைய போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிட அது நல்ல படிவம். பக்கத்துக் கல்லூரியுடன் போட்டி போட உதவாது. தமிழ்நாட்டில் தண்ணீருக்கு 10 சதவீதம்தான் என்ற எடையை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் வளாக மரங்கள் எவ்வளவு கார்பனைப் பிடித்துவைத்திருக்கின்றன என்று முதுகலைத் திட்டப்பணி செய்கிறேன். 126 செ.மீ., 10 மீட்டர் உயரமுள்ள ஒரு வேப்பமரத்துக்கு 9.6 டன் கரியமில வாயு வருகிறது. வழிகாட்டி நம்ப மறுக்கிறார்.
— மாணவர், தஞ்சாவூர்

வழிகாட்டி சொல்வதுதான் சரி. 126 என்பது சுற்றளவு. நீங்கள் பயன்படுத்தியிருக்கும், மரத்தின் எடையைக் கணிக்கும் சாவே குழுவினரின் 2014 சமன்பாடு விட்டத்தைக் கேட்கிறது. 3.14-ஆல் வகுத்தால் 40 செ.மீ. விட்டம் வர்க்கத்தில் நுழைவதால் பிழை ஒன்பது மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

திரும்பப் போடுவோம். வேம்பின் மர அடர்த்தி சுமார் 0.69. அதை விட்டத்தின் வர்க்கத்தாலும் (1,600) உயரத்தாலும் (10) பெருக்கினால் 11,040. அதன் 0.976 அடுக்கை எடுத்து 0.0673-ஆல் பெருக்கினால் 594 கிலோ. நிலத்துக்கு மேலுள்ள உலர் எடை இது. அதில் 0.47 பங்கு கார்பன், 279 கிலோ. கரியமில வாயுவாக மாற்ற 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் சுமார் 1,020 கிலோ. ஒரு டன்.

இன்னொரு பிழையை உங்கள் அறிக்கையில் இப்போதே தடுத்துவிடலாம். அந்த ஒரு டன், மரம் தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்தது. 'ஆண்டுக்கு ஒரு டன் உறிஞ்சுகிறது' என்று எழுதிவிடாதீர்கள். பல தணிக்கை அறிக்கைகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆண்டுக் கணக்கு வேண்டுமென்றால் அடுத்த வருடம் அதே மரத்தை அதே உயரத்தில் மறுபடி அளக்க வேண்டும். விட்டம் 40-லிருந்து 41 ஆகியிருந்தால், உயரம் மாறவில்லை என்று வைத்தால், கூடியது 50 கிலோ. சுமார் 70 யூனிட் மின்சாரத்தின் உமிழ்வு அவ்வளவுதான். மரங்கள் கல்லூரியின் மின் பில்லை ஈடுகட்டும் என்ற வாக்கியம் முடிவுரையில் இருந்தால் நீக்கிவிடலாம். நிழல், குளிர்ச்சி, பறவைகள் என்று மரத்துக்குச் சொல்ல வேறு நியாயங்கள் நிறைய இருக்கின்றன.

அளக்கும்போது தரையிலிருந்து 1.3 மீட்டரில் பெயின்டால் கோடு போடுங்கள், அடுத்த வருடம் வேறொருவர் அளந்தாலும் இடம் மாறாது. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து. 1.3 மீட்டருக்குக் கீழேயே கிளை பிரிந்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனி மரமாக எடுங்கள். பனை, தென்னை, வாழையை இந்தச் சமன்பாட்டில் போடக் கூடாது. அவை பருத்து வளரும் வகையே அல்ல.

எங்கள் ஊர்க் கிணறுகளில் நைத்திரேற்று (நைட்ரேட்) அளவை இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துள்ளேன். ஆய்வுகூட முடிவு 12 என்கிறது. எனக்கு முன்னர் செய்தவரின் அறிக்கையில் அதே கிணற்றுக்கு 53. ஒன்று பிழையா? எத்தனை கிணறுகள் போதும்?
— மாணவி, யாழ்ப்பாணம்

இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஒரு ஆய்வுகூடம் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடுத்து எண் தரும். இன்னொன்று முழு நைட்ரேட்டாகத் தரும். முதலதை 4.43-ஆல் பெருக்கினால் இரண்டாவது. 12-ஐப் பெருக்கிப் பாருங்கள், 53 வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு நைட்ரேட்டாக லிட்டருக்கு 50 மில்லிகிராம், நைட்ரஜனாகச் சுமார் 11.3. ஆகவே அந்தக் கிணறு வரம்பைத் தாண்டிவிட்டது. அட்டவணைத் தலைப்பிலேயே எந்த அலகு என்று எழுதாததால் வந்த குழப்பம் இது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளும் குழிவுகளும் நிறைந்தது. மேலே இட்ட உரமும் மலக்குழிக் கசிவும் அதிகம் வடிகட்டப்படாமல் விரைவாகவே நிலத்தடி நீரைச் சேரும். எனவே கிணறுகளின் எண்ணிக்கையைவிட எந்தக் கிணறு என்பது முக்கியம். 30 கிணறு எடுத்தால் 10 வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்குள், 10 நெருக்கமான குடியிருப்பில், 10 இரண்டுக்கும் அப்பால். ஒவ்வொன்றிலும் மிக அருகிலுள்ள மலக்குழிக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். அதே கிணறுகளில் இரண்டு முறை: மழைக்கு முன் ஆகஸ்ட்–செப்டம்பரில், மழை ஓய்ந்தபின் ஜனவரியில்.

போத்தலைக் கிணற்று நீராலேயே மூன்று முறை அலசி, மேற்பரப்பு நீரைத் தவிர்த்து நடு ஆழத்தில் எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். வெயிலில் பையில் கிடந்தால் நுண்ணுயிர்கள் எண்ணை மாற்றிவிடும். குளோரைடும் மின்கடத்துதிறனும் சேர்த்து அளந்தால் கடல்நீர் ஏறிய கிணறுகளைத் தனியே பிரிக்கலாம். இன்னொன்று: கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, நீர் வற்றி இன்னும் செறியும். கைக்குழந்தை உள்ள வீட்டுக் கிணற்றில் வரம்பு தாண்டியிருந்தால் அறிக்கை அச்சாகும்வரை காத்திராமல் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வரைபடத்தில் வீட்டுப் பெயர்கள் வேண்டாம்.

கேன்டீனில் எவர்சில்வர் டம்ளரா, காகித கப்பா? வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டு வகுப்பில் (ஒரு பொருளைச் செய்வது முதல் எறிவது வரை சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று கணக்கிடுவது) இரண்டு அணியாகச் சண்டை போடுகிறோம்.
— மாணவிகள், மதுரை

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகித கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. சண்டையில் பாதி அங்கேயே முடிந்தது. வகுப்புக்காகத் தொடரலாம்.

'ஒரு டம்ளருக்கு எதிராக ஒரு கப்' என்று ஒப்பிட்டால் எவர்சில்வர் தோற்கும். ஒப்பிட வேண்டியது வேலையை: 100 மில்லி டீ 1,000 முறை பரிமாறுவது. அதற்கு கப் 1,000 வேண்டும். டம்ளர் ஒன்றையே 1,000 முறை பயன்படுத்தலாம் என்பதால் உருக்கின் பங்கு சிறுத்துவிடும். இனி எல்லாம் கழுவுவதில். ஒரு முறைக்கு 250 மில்லி தண்ணீர் என்று வைப்போம். அதை 28 டிகிரியிலிருந்து 60 வரை மின் ஹீட்டரில் சுடவைத்தால் 1,000 முறைக்குச் சுமார் 9.3 யூனிட், 6.5 கிலோ கரியமில வாயு. சூரிய வெந்நீர் என்றால் கிட்டத்தட்டப் பூஜ்யம். குழாயைத் திறந்துவிட்டே கழுவினால் 250 மில்லி என்ற ஊகமே கவிழும். ஆகவே கேன்டீனில் ஒரு மணி நேரம் நின்று, கழுவும் தண்ணீரை வாளியில் பிடித்து, கழுவிய டம்ளர்களை எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள். மாதம் எத்தனை டம்ளர் காணாமல் போகிறது என்று கேன்டீன்காரரைக் கேளுங்கள், அந்த எண்ணும் கணக்கில் வரும். இந்தக் கணக்கைப் போடும் ஓப்பன் எல்.சி.ஏ. மென்பொருள் இலவசம். ஆனால் முதல் முறை கையால் போட்டபின் அதைத் திறப்பது நல்லது.

வகுப்பறை மின்விசிறிகளை எல்லாம் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) விசிறிகளாக மாற்றலாமா?
— பராமரிப்புப் பொறியாளர், சென்னை

மாற்றலாம். 75 வாட்டுக்குப் பதில் 30 வாட். நாளுக்கு 12 மணி, 220 நாள் என்றால் விசிறிக்கு ஆண்டுக்கு 119 யூனிட் மிச்சம். அதிகம் ஓடும் விடுதி, நூலகம் முதலில். வாரத்துக்கு ஆறு மணி நேரம் திறக்கும் கருத்தரங்க அறை கடைசியில். பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்பு தர வேண்டும், இல்லாவிட்டால் சர்க்யூட் போர்டு கெடும். ரிமோட் வகுப்பறையில் ஒரு வாரம் தாங்காது, சுவர் ஸ்விட்சிலேயே வேகம் மாற்றும் மாடலாகக் கேளுங்கள். ஏ.சி.களை 24 டிகிரியில் வைப்பதற்குச் செலவே இல்லை. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம்.

மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு நிலைத்தன்மைப் படிப்பில் முதுகலை சேர வேண்டும் என்கிறாள். வேலை கிடைக்குமா?
— பெற்றோர், ஈரோடு

வேலை இருக்கிறது, ஆனால் படிப்பின் பெயரைப் பார்த்து யாரும் எடுக்க மாட்டார்கள். பங்குச் சந்தையில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாகத் தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி சொல்லியிருக்கிறது. அதைத் தயாரிக்க ஆள் வேண்டும். உங்கள் பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது. சாயக்கழிவு வழக்குக்குப் பின் பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்றம் கட்டாயமான ஊர். அங்கே வேதியியல் தெரிந்து, சுத்திகரிப்பு நிலையத்தின் எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள்: புள்ளியியல், வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற வரைபட மென்பொருள், ஒரு செமஸ்டராவது வெளியே களப்பணி இருக்கிறதா? நான்கு செமஸ்டரும் கொள்கைகளும் மாநாட்டு வரலாறுமாக இருந்தால், மகள் வேதியியல் எம்.எஸ்சி.யிலேயே நீர்ப் பகுப்பாய்வை எடுத்துப் படிப்பது மேல்.

ஒவ்வொரு ஜூன் 5-ஆம் தேதியும் (உலகச் சுற்றுச்சூழல் நாள்) எங்கள் கல்லூரியில் மரம் நடுகிறார்கள். குழிகூட போன வருடத்துக் குழிதான்! என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத ஊழியர், விருதுநகர்

தேதியை மாற்றச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திரம் முடிந்த சூட்டில், மழைக்கு நான்கு மாதம் இருக்கும்போது உங்கள் மாவட்டத்தில் நட்டால் பிழைப்பது கடினம். தென்மேற்கு மழை நன்றாகப் பெய்யும் கன்னியாகுமரி, நீலகிரி போன்ற இடங்களுக்குத்தான் ஜூன் சரி. ஜூன் 5 அன்று குழி மட்டும் எடுக்கலாம், விழாவுக்குப் படமும் கிடைக்கும்: இரண்டடி நீளம், அகலம், ஆழம், மேல்மண் தனியாக, அடிமண் தனியாக. குழி வெயிலில் காயட்டும். செப்டம்பர் கடைசியில் மேல்மண்ணோடு மக்கிய எரு கலந்து நிரப்பி, முதல் மழை இறங்கியதும் நடுங்கள். வேம்பு, புங்கம், பூவரசு, நாவல் போதும். கன்று மூன்றடிக்குக் குறையாமல், பை மண் உடையாமல். அடுத்த ஏப்ரல், மே விடுமுறையில் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை நடுவதற்கு முன்பே பெயரோடு உத்தரவாகப் போடச் சொல்லுங்கள். கன்றுகளுக்கு எண் தகடு கட்டி, அடுத்த ஜூன் 5 விழாவில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று வாசிக்கட்டும்.